கேளுங்கள்: வீட்டுக்கு ஒரு பிஸ்டல், 9 எம்.எம்.மா .45ஆ?

கேள்வி: அண்ணா, டெக்சாஸ் வந்து ஒன்பது வருடம். கிரீன் கார்டு போன மாதம்தான் கைக்கு வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் நகை போய்விட்டது, அதிலிருந்து மனைவிக்குத் தூக்கமில்லை. ஒரு பிஸ்டல் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆபீஸ் நண்பர் .45க்குக் குறைந்து எதையும் தொடாதே என்கிறார், கடைக்காரர் 9 எம்.எம். போதும் என்கிறார், இன்னொருவர் .380 என்கிறார். எதை வாங்குவது? (பெயர் வேண்டாம், ஃபிரிஸ்கோ)

பதில்: 9 எம்.எம். வாங்குங்கள். இதோடு நிறுத்தினாலும் பாதகமில்லை, ஆனால் அந்த .45 நண்பர் நாளைக்கும் காபி மெஷின் பக்கத்தில் உங்களைப் பிடித்துக்கொள்வார் என்பதால் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன்.

.45 என்பது அங்குலக் கணக்கு, அதாவது ரவையின் (குண்டின்) குறுக்களவு கிட்டத்தட்ட பதினொன்றரை மில்லிமீட்டர். வழக்கமான .45 ரவை 15 கிராம் இருக்கும். 9 எம்.எம். ரவை ஏழரையிலிருந்து ஒன்பதரை கிராம்தான், ஆனால் வேகம் அதிகம். அமெரிக்கர்களுக்கு .45 மேல் ஏன் இத்தனை பாசம் என்றால் அது பழைய கதை. தெற்கு பிலிப்பைன்ஸில் மோரோ என்ற முஸ்லிம் மக்களின் வீரர்களோடு அமெரிக்க ராணுவம் சண்டை போட்டபோது, கையிலிருந்த .38 ரிவால்வரால் சுட்டும் ஆள் விழாமல் கத்தியோடு மேலே வந்தான் என்று புகார் எழுந்தது. 1904-இல் தாம்சன், லகார்ட் என்று இரண்டு அதிகாரிகள் சிகாகோ கசாப்புக் கொட்டடிக்குப் போய் மாடுகளையும், தனியாகப் பிணங்களையும் சுட்டுப் பார்த்து, .45க்குக் குறையக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். 1911-இல் ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டல் 1985-இல் 9 எம்.எம். வரும்வரை ஓடியது. தாத்தா இரண்டாம் உலகப்போரில் வைத்திருந்தது, அப்பா வியட்நாமில் வைத்திருந்தது என்று வீட்டுக்கு வீடு கதை உண்டு. நம் ஊரில் புல்லட் வண்டி மேல் இருக்கிற பாசம் மாதிரிதான், மைலேஜ் கேட்டால் கோபம் வரும்.

9 எம்.எம்.முக்குக் கெட்ட பெயர் வந்ததும் ஒரு நாளில்தான். 1986 ஏப்ரல் 11, மயாமி. வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. ஆட்கள் எட்டுப் பேர் மடக்கினார்கள். ஆரம்பத்திலேயே பிளாட் என்ற கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்த ஒரு 9 எம்.எம். ரவை, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு ஏஜென்ட்கள் செத்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். அந்த ஓர் அங்குலத்துக்காக எஃப்.பி.ஐ. முதலில் 10 எம்.எம்.முக்குப் போனது. சுடும்போது அது பின்னுக்கு உதைத்த உதையைப் பலரால் சமாளிக்க முடியவில்லை. 1990-இல் அதையே குறைத்துச் செய்த .40 வந்தது, நாடு முழுக்க போலீஸ் அதற்கு மாறியது. அப்புறம் 2014-இல் எஃப்.பி.ஐ.யே உட்கார்ந்து கணக்குப் பார்த்து, இன்றைக்குத் தயாராகிற ரவைகளில் 9 எம்.எம்.முக்கும் .40, .45க்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, 9 எம்.எம்.மில் எங்கள் ஆட்கள் வேகமாகவும் குறி தப்பாமலும் சுடுகிறார்கள் என்று சொல்லி, பழையபடி 9 எம்.எம்.முக்கே திரும்பிவிட்டது.

மாறியது ரவையின் தரம். மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. ஒரு சோதனை வைத்தது: மனிதத் தசைக்குப் பதிலாக வைக்கிற ஜெலட்டின் கட்டிக்குள், துணி, பலகை, கார் கண்ணாடி எல்லாம் தாண்டியும், ரவை 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும். கம்பெனிகள் அந்த அளவுக்கென்றே ரவை செய்ய ஆரம்பித்தார்கள். கைத்துப்பாக்கி ரவை தொட்ட இடத்தைத்தான் கிழிக்கும், ரைபிள் மாதிரி சுற்றுப்புறத்தையும் சேர்த்துச் சிதைக்கிற வேகம் அதற்கு இல்லை. அதனால் போதுமான ஆழம் போகிறதா, எங்கே படுகிறது, இந்த இரண்டும்தான் முக்கியம். இரண்டரை மில்லிமீட்டர் அகலம் அதற்கப்புறம்தான்.

எங்கே படுகிறது என்பதற்கு என் அவமானம் ஒன்றைச் சொல்கிறேன். முதல் தடவை ரேஞ்சுக்கு, அதாவது சுடப் பழகுகிற இடத்துக்கு, போனபோது நண்பரின் குட்டி .357 ரிவால்வரைத்தான் கையில் கொடுத்தார்கள். ஐந்து ரவையில் தாளில் பட்டது ஒன்று. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் ஒரு 9 எம்.எம். பிஸ்டலை எடுத்து, எனக்குத் தெரியாமல் மேகசினில், அதாவது ரவைகளை அடுக்குகிற டப்பாவில், நடுநடுவே மருந்தில்லாத போலி ரவைகளைச் சேர்த்துக் கொடுத்தார். விசையை அழுத்துகிறேன், வெடிக்கவில்லை, ஆனால் துப்பாக்கியின் மூக்கு மட்டும் தானாகக் கீழே குத்தியது. உதை வருவதற்கு முன்னாலேயே என் கை பயந்து தள்ளியிருக்கிறது! வெடிக்கிறபோது இது கண்ணுக்கே தெரியாது, உதையோடு கலந்துவிடும். உதை கூடக்கூட இந்தப் பயமும் கூடும். .45 வாங்கி வருடத்துக்கு ஒரு பெட்டி சுடுகிறவரைவிட, 9 எம்.எம். வாங்கி மாதம் ஒரு பெட்டி சுடுகிறவர் தேவலை. பெட்டி விலையிலும் 9 எம்.எம்.தான் மலிவு. ஒரு நடுத்தர சைஸ் 9 எம்.எம்.மில் 15 ரவை பிடிக்கும், அந்தக் காலத்து .45இல் ஏழோ எட்டோ.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டுச் சுவர் செங்கல் இல்லை, அரை அங்குல ஜிப்சம் பலகை. நீங்கள் சொன்ன மூன்று ரகமும் அதைத் தாண்டி அடுத்த அறைக்குள் போகும், அங்கே குழந்தை தூங்கலாம். அதனால் வீட்டுக்கு ஹாலோ பாயின்ட் ரவை, மூக்கில் குழி வைத்தது, உடம்பில் பட்டால் விரிந்து நிற்கும். சுவரில் பட்டால் அந்தக் குழியில் பொடி அடைத்துக்கொண்டு சாதாரண ரவை மாதிரியே போய்விடவும் கூடும், ஆக எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதை இன்றைக்கே வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து வையுங்கள். பெட்டகமும் துப்பாக்கியோடு அதே நாளில் வாங்குங்கள். டெக்சாஸில் நீங்கள் பத்திரப்படுத்தாத குண்டு போட்ட துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்குக் கிடைத்துவிட்டால் அதுவே உங்கள் மேல் குற்றம்.

நகைத் திருட்டுக்கு இது மருந்தா என்றால், இல்லை. ஆள் இல்லாத வீடு பார்த்துத்தான் திருடர்கள் வருகிறார்கள், அலமாரியில் இருந்தால் பிஸ்டலும் சேர்ந்து போகும். நகை பேங்க் லாக்கரில் இருக்கட்டும்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். டெக்சாஸில் 2021-இலிருந்து பெர்மிட்டே தேவையில்லையாமே, நானும் 9 எம்.எம். வாங்கலாமா? (டாலஸ்)

பதில்: வாங்காதீர்கள். பெர்மிட் இல்லாமல் எடுத்துச் செல்லலாம் என்பது மாநிலச் சட்டம், அதுவும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவருக்கு. எச்-1பி மாதிரி குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கி, ரவை எதுவுமே வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, ரூம்மேட் சொன்னார் என்று அதில் இறங்காமல் முதலில் ஒரு வக்கீலைக் கேளுங்கள். கடையில் நிரப்புகிற 4473 படிவத்தில் பொய் எழுதினால் வேலை, விசா, கிரீன் கார்டு வரிசை எல்லாம் ஒரே கையெழுத்தில் போய்விடும்.

கேள்வி: வீட்டுக்காரர் வாங்கி வைத்திருக்கிற 9 எம்.எம்.மின் ஸ்லைடை, அந்த மேலே நகர்கிற பாகத்தை, என்னால் இழுக்கவே முடியவில்லை. எனக்குச் சின்னதாக ஒரு .380 வாங்கித் தருகிறேன் என்கிறார். சரிதானா? (ஹூஸ்டன் வாசகி)

பதில்: சின்னத் துப்பாக்கி என்றால் சுலபம் என்று ஆண்களாக நினைத்துக்கொள்கிறார்கள். .380இல் போவதும் அதே குறுக்களவுள்ள ரவைதான், மருந்து இருக்கிற பித்தளைக் கூட்டின் நீளம் மட்டும் 19 மில்லிமீட்டருக்குப் பதில் 17, மருந்து குறைவு. ஆனால் பாக்கெட்டில் போடுகிற .380இல் எடையே இல்லை, அதனால் உதை முழுக்க உங்கள் உள்ளங்கைக்கு வரும். பழைய மாதிரி .380 சிலவற்றில் ஸ்லைடை அடக்கி வைப்பது அதன் எடையும் ஸ்பிரிங்கின் பலமும் மட்டும்தான், அவற்றை இழுப்பது 9 எம்.எம்.மைவிடக் கஷ்டம்.

முதலில் இப்படிச் செய்து பாருங்கள். மேகசினைக் கழற்றி, துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஸ்லைடை இடது கையால் மேலிருந்து முழுக்கையாகப் பிடித்து, நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளுங்கள். முனை, சுவருக்கு அந்தப் பக்கமும் ஆள் இல்லாத திசையைப் பார்த்து இருக்கட்டும், உங்கள் இடது முழங்கையைப் பார்த்து இல்லை. விரல் நுனியால் பின்னுக்கு இழுப்பதால்தான் முக்கால்வாசிப் பேருக்கு வருவதில்லை, தேங்காய்ச் சில்லை நகத்தால் பெயர்க்கிற மாதிரி. அப்படியும் வரவில்லையென்றால், ஸ்லைடு இலகுவாக இருக்கும்படி ஸ்மித் அண்ட் வெஸன் செய்த ஷீல்டு ஈஸீ இருக்கிறது, 2018-இல் .380இல் வந்தது, 2020-இலிருந்து 9 எம்.எம்.மிலும் உண்டு. இரண்டையும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள், அவர் பரிசாக வாங்கி வந்து நிற்க வேண்டாம். போகும்போது கழுத்து மூடிய சட்டை போட்டுக்கொண்டு போங்கள். சுடச்சுட வெளியே தெறிக்கிற பித்தளைக் கூடு சுடிதார் கழுத்துக்குள் விழுந்து, கையில் துப்பாக்கியோடு குதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: .22 போதாதா? சத்தமும் குறைவு, விலையும் குறைவு. (ஆஸ்டின்)

பதில்: பழகுவதற்கு அருமை. நம்பி வைத்துக்கொள்ள வேண்டாம். அதில் பற்றவைக்கிற மருந்து கூட்டின் விளிம்பில் இருக்கிறது, வெடிக்காமல் போவது மற்றதைவிட அதிகம்.

கேள்வி: ஐயா, பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் நானும் சம்சாரமும் மட்டும்தான். பையன் அமெரிக்காவில். அவன் 9 எம்.எம். வாங்கச் சொல்கிறான். லைசென்ஸுக்கு எழுதலாமா? (65 வயது வாசகர்)

பதில்: எழுதலாங்க, ஆனால் 9 எம்.எம். என்று எழுதாதீர்கள். தம்பி இருக்கிற ஊர் வேறு. இங்கே 9 எம்.எம்., .38, .45 எல்லாம் ராணுவமும் போலீசும் வைத்திருக்கிற ரகம் என்பதால் 'புரொஹிபிட்டட் போர்', அதாவது தடை செய்த ரகம், அதற்கு மத்திய அரசுதான் அனுமதி தர வேண்டும், சாதாரணமாகத் தருவதில்லை. கலெக்டரிடமிருந்து (மாநகரம் என்றால் கமிஷனரிடமிருந்து) உங்களுக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் .32. எந்த ரகம் என்ற கேள்வியை அரசாங்கமே முடித்துவிட்டது. அதிலும் ஒரு குழப்பம் உண்டு: ரிவால்வர் .32 வேறு, பிஸ்டல் .32 வேறு, பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் தோட்டாவை மற்றதில் போட முடியாது. கான்பூர் அரசு ஆலையின் ரிவால்வர், 2014-இல் வந்த அரைக் கிலோ எடையுள்ள நிர்பீக் உட்பட, முதல் ரகம். அதே அரசு ஆலைகளின் அஷானி பிஸ்டல் இரண்டாவது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களிலேயே நின்றுவிட்டதால், வெப்லி என்ற பழைய இங்கிலாந்துத் துப்பாக்கி ஒன்று கைமாறினால் லட்சக்கணக்கில் கேட்பார்கள்.

உங்கள் வயதுக்கும் தேவைக்கும் ரிவால்வர் சரி, மேகசின், ஸ்லைடு என்ற தொல்லை இல்லை. ஆனால் தனிச் சாளையில் நீங்கள் எழுந்து, கண்ணாடி போட்டு, பெட்டகம் திறக்கிற நேரம் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தைத் தருவது இரண்டு நாட்டு நாயும், வாசலில் ஆள் வந்தால் எரிகிற விளக்கும், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட இரும்புக் கதவும். அதை இந்த வாரமே செய்துவிடலாம், லைசென்ஸுக்கு மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். வந்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும். தேர்தல் அறிவித்தால் பெரும்பாலும் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் நாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகச் சோறு போடுங்கள்.