பில்லில் யூனிட்டைப் பாருங்கள்: வீட்டு மின் ஆடிட் கேள்வி-பதில்

அடுத்த வாரம் மின் ஆடிட்டுக்கு (எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்ற கணக்கெடுப்பு) ஆள் வருகிறார். என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்? (வாசகி, திருச்சி)

கடைசி ஆறு பில். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஓராண்டு முழுக்க வந்துவிடும். சித்திரை வைகாசி பில்லுக்கும் மார்கழி பில்லுக்கும் உள்ள இடைவெளியே ஏசி எவ்வளவு இழுக்கிறது என்று பாதி சொல்லிவிடும். வருபவருக்காக ஏசி ஃபில்டரைக் கழுவி, ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்து வைக்காதீர்கள். வீடு தினமும் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

கரண்ட் பில் 5,000 வருகிறது. ஏன் இவ்வளவு? (வாசகர், கோவை)

எத்தனை யூனிட்? வீட்டில் எத்தனை பேர்? ஏசி உண்டா? எதுவுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? ரூபாயை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினாலே, அதற்குக் கீழே குறைந்த விலையில் இருந்த யூனிட்டுகள் சிலவற்றின் விலையும் ஏறிவிடும். அந்த எல்லையில் பத்து யூனிட் கூடினால் பில் 200 ரூபாய்க்கு மேல் எகிறுவது அதனால்தான். யூனிட் கணக்கோடு மறுபடி எழுதுங்கள்.

ப்ளக்கில் செருகினால் பில் 30 சதவீதம் குறையும் என்று ஒரு கருவி விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

வேண்டாம். பவர் ஃபேக்டரை (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற விகிதம்) சரிசெய்வதாகச் சொல்லி உள்ளே ஒரு கெபாசிட்டரை வைத்திருப்பார்கள். வீட்டு இணைப்புக்குக் கட்டணம் யூனிட்டுக்குத்தான். அதில் ஒரு யூனிட்கூட இதனால் குறையாது.

இலவச ஆடிட் என்று வந்தார்கள். கால் மணி நேரம் பார்த்துவிட்டு 3 கிலோவாட் சோலார் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (வாசகர், தாம்பரம்)

பில்லைப் பார்த்தார், மொட்டை மாடிக்குப் போனார், விலை சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். இது விற்பனை. ஆடிட் அல்ல. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது.

சாதாரண இரண்டு படுக்கையறை வீட்டுக்கே இரண்டு மூன்று மணி நேரமாகும். ஒவ்வொரு சர்க்யூட்டிலும் கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) மாட்டிப் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கெட் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர்) போய்விட்டது. ஏசிக்குள் போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். ஏறக்குறைய பத்து டிகிரி வித்தியாசம் வேண்டும். தொட்டி நிரம்ப மோட்டார் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கடிகாரம் பார்க்க வேண்டும். கடைசியில் எந்தச் சாதனம் எத்தனை யூனிட் என்று தாளில் எழுதித் தர வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை உங்கள் பில்லோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

போன வருடம் நான் பார்த்த ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். சோலாருக்கு முன்பணம் கொடுக்கும் நிலையில் இருந்தார்கள். மோட்டார் தினமும் மூன்று மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கழிவறை ஃப்ளஷ் தொட்டியில் வாஷர் தேய்ந்து, இரவு பகலாகத் தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பீங்கானில் நீளமாகப் பழுப்புக் கோடே விழுந்திருந்தது. வாஷரை மாற்றியதும் மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு வந்துவிட்டது. ஒரு ஹெச்பி மோட்டார் மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் பில்லுக்கு 120 யூனிட் மிச்சம்.

சோலாருக்கு நான் எதிரி இல்லை. நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்கு நான்கு யூனிட் தரும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. ஆனால் முதலில் வீணாவதை நிறுத்துங்கள். அப்புறம் 2 கிலோவாட்டே போதுமாகிவிடலாம். சாதனம் விற்பவரிடம் ஆடிட் செய்துகொள்ளாதீர்கள்.

எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும் மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. மீட்டர் கோளாறா? (வாசகி, மதுரை)

பெரும்பாலும் இல்லை. பல மீட்டர்களில் 3,200 மின்னல் ஒரு யூனிட்; உங்களுடையதற்கு எத்தனை என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். நிமிடத்துக்கு ஒரு மின்னல் என்றால் 20 வாட் போய்க்கொண்டிருக்கிறது. பில்லுக்கு 25 யூனிட்டுக்கு மேல். செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், இன்வெர்ட்டர் மூன்றையும் கழற்றிப் பாருங்கள். பேட்டரி பழசாகி, அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தால் இன்வெர்ட்டர் மேல்தான் சந்தேகம். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் மின்னினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டர் சீலில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எல்லா ஃபேனையும் பிஎல்டிசிக்கு (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள ஃபேன்) மாற்றிவிடலாமா? (வாசகர், சேலம்)

தினமும் பதினைந்து மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றுங்கள். 75 வாட் 30 ஆகும், பில்லுக்கு 40 யூனிட் குறையும். விருந்தினர் அறை ஃபேன் அப்படியே இருக்கட்டும்.

மேல்மாடி வீடு. ஏசி நிற்காமல் ஓடுகிறது. 5 ஸ்டார் வாங்கினால் சரியாகுமா? (வாசகி, வேலூர்)

இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி உட்கூரையைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் பகல் வெயில் கான்கிரீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எந்த ஏசி வந்தாலும் அந்தச் சூட்டோடுதான் மல்லுக்கட்டும். முதலில் மாடிக்கு வெள்ளைக் குளிர்ப்பூச்சு, அல்லது வெள்ளை டைல்ஸ். ஒழுகல் இருந்தால் அதை அடைத்த பிறகே பூச்சு. ஒரு கோடையைப் பார்த்துவிட்டு ஏசியைப் பற்றி எழுதுங்கள். அப்போது ஸ்டார் லேபிளில் இருக்கும் ஆண்டையும் பாருங்கள். பழைய கணக்கில் 5 ஸ்டார் வாங்கியது புதிய கணக்கில் இறங்கிவிட்டிருக்கும். யூனிட் கணக்கையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.