ஆர்கிட் இலை தொங்குகிறதா? தண்ணீர் விடும் முன் வேரைப் பாருங்கள்

கேள்வி: பால்காய்ப்புக்கு வந்த ஆர்கிட் செடியைக் கூடத்தில் டிவி பக்கத்தில் வைத்திருக்கிறோம். அகலமான இலை, இளஞ்சிவப்புப் பூ. பூ இரண்டு மாதத்துக்கு மேல் நின்றது. வைகாசிக் கடைசியில் மழை பிடித்ததிலிருந்து இலைகள் வாடிய வெற்றிலை போலத் தொங்குகின்றன, சுருக்கமும் விழுந்திருக்கிறது. தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வாடியதைப் பார்த்துச் சாயங்காலமும் விட ஆரம்பித்தேன். இன்னும் மோசமாகிறது. உரம் போதவில்லையா? (கருங்கல் வாசகி)

பதில்: முதலில் அந்த டம்ளரைக் கீழே வையுங்கள். உரத்தையும் இப்போது தொட வேண்டாம்.

உங்களிடம் இருப்பது ஃபலெனாப்சிஸ். பரிசாகக் கைமாறுகிற ஆர்கிட் பெரும்பாலும் இதுதான். டென்ட்ரோபியம் என்கிற இன்னொரு வகை ஆர்கிட் போலத் தண்ணீரைச் சேர்த்துவைக்கத் தடித்த தண்டு இதற்குக் கிடையாது. இருப்பையெல்லாம் இலையில்தான் வைத்திருக்கும். இலை தொங்கிச் சுருங்கினால் அந்த இருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரே விடாவிட்டாலும் தீரும். தண்ணீர் அதிகமாகி வேர் அழுகி, உறிஞ்ச ஆளில்லாமல் போனாலும் தீரும். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். தினம் இரண்டு டம்ளர், அதுவும் அடைமழைக் காலத்தில் என்றால் உங்கள் செடிக்கு வந்தது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

சந்தேகம் தீரச் செடியைச் சட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். வெளியே அழகான பீங்கான் சட்டி இருக்கும், அதில் ஓட்டை இருக்காது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் கப். வேரைச் சுற்றி ஸ்பாக்னம் என்கிற பாசியைத் திணித்திருப்பார்கள். தூரம் அனுப்புவதற்கு அது வசதி, நம் வீட்டில் அதுவே வினை. மேலே காய்ந்ததுபோல் இருக்கும். விரலை விட்டு நடுப்பாசியைக் கிள்ளி எடுத்தால் பிழியாத கரித்துணி மாதிரி சொட்டும். பாசி முழுவதையும் பிய்த்து எடுத்துவிட்டு வேர்களை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் லேசாக அழுத்துங்கள். உயிருள்ள வேர் கெட்டியாக இருக்கும். நனைந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி நிறம். செத்த வேர் பழுப்பாக நசுங்கும், தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். வேரெல்லாம் கெட்டியாக, வெள்ளையாக இருந்தால் நான் சொன்னது தப்பு, செடிக்குத் தாகம்தான். பத்து நிமிடம் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும்.

அழுகியிருந்தால், கத்தரிக்கோலைத் தீயில் காட்டி ஆறவிட்டு, நசுங்குகிற வேர் அத்தனையையும் வெட்டுங்கள். மனசு கேட்காதுதான்; ஆனால் பாதியில் விட்டால் அழுகல் நல்ல வேருக்கும் ஏறும். பூத்தண்டு இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். அப்புறம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்கிற பூஞ்சைக்கொல்லி மருந்தை லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம் கலந்து, வேர்ப்பகுதியை அதில் பத்து நிமிடம் முக்கி, ஒரு நாள் நிழலில் உலரவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நட மண் வேண்டாம். நம் ஊர் மரங்களில் தொற்றி வளரும் மரவாழையைப் பார்த்திருப்பீர்களே, அதன் சாதிதான் இது. காற்றில் தொங்கும் வேரை மண்ணில் புதைத்தால் மூச்சு முட்டும். அடியிலும் பக்கத்திலும் ஓட்டையுள்ள சட்டியில் கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, கதம்பை (தேங்காய் மட்டை) துண்டு போதும். மழைக்காலத்தில் கதம்பையைக் குறைத்துக் கரியைக் கூட்டுங்கள்.

கதம்பை நமக்குக் காசில்லாமல் கிடைக்கிறது என்பதால் ஒரு எச்சரிக்கை. காயல் தண்ணீரில் ஊறிய கதம்பையை நானே ஒருமுறை கழுவாமல் போட்டுவிட்டேன். புது வேரின் பச்சை முனைகள் ஒவ்வொன்றாகக் கருகின. காரணம் உப்பு. துண்டாக வெட்டி நான்கைந்து நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றிய பிறகே போடுங்கள். கடலோரத்தில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அதையும் ஆர்கிட்டுக்கு விடாதீர்கள். மழை கொட்டுகிறது, ஒரு வாளி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நட்ட பிறகு மூன்று நாள் தண்ணீர் வேண்டாம். அப்புறம் வேர் வெள்ளி நிறமாக மாறும்போது மட்டும் காலையில் விடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறைகூடப் போதும். பங்குனி, சித்திரையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தேவைப்படும். குருத்தில் தண்ணீர் தங்கினால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். குருத்து கறுத்து, இழுத்தால் இலை கையோடு வந்துவிட்டால் செடி பிழைப்பது கடினம்.

டிவி பக்கத்தில் வெளிச்சம் போதாது. கிழக்கு ஜன்னலோரம் நல்லது. மேற்கு வெயில் இலையைச் சுட்டுவிடும்.

தொங்கிய இலைகள் பழையபடி நிமிரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிரவும் செய்யும். பச்சை முனையோடு ஒரு புது வேர் எட்டிப் பார்க்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். அதற்கு ஒன்றரை மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகுதான். வேர் இல்லாத செடிக்கு உரம் போட்டால் அந்த உப்பே அதைக் கொல்லும்.

மறுபடி பூக்குமா என்று கேட்பீர்கள். இரவுக் குளிர் 25 டிகிரிக்குக் கீழே சில வாரம் தொடர்ந்தால்தான் இது பூத்தண்டு விடும். மார்கழி, தையில் சாரல் படாத வராந்தாவில் வைத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் குறை உங்கள் மேல் இல்லை, நம் ஊர் இரவு அப்படி. வருஷா வருஷம் பூ பார்க்க வேண்டும் என்றால் அடுத்த முறை டென்ட்ரோபியம் வாங்குங்கள். நம் வெக்கையும் ஈரமும் அதற்கு ஒத்துப்போகும்.