கொச்சியில் ஒரு நாள்: காலையில் கோட்டை, மாலையில் கடைத்தெரு

கேள்வி: கோவையிலிருந்து சனிக்கிழமை காலை எர்ணாகுளம் வந்து, அன்றிரவே திரும்புகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி இரண்டையும் பார்த்து, மசாலாப் பொருட்களும் வாங்க நேரம் இருக்குமா?

பதில்: நேரம் தாராளமாக இருக்கிறது. கிழமைதான் சரியில்லை. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி யூத ஜெப ஆலயம் சனிக்கிழமை திறக்காது. அது அவர்களின் ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனைக்கு விடுமுறை. ஞாயிறு என்றால் எர்ணாகுளம் பிராட்வேயில் பாதிக்குமேல் கடைகள் அடைத்திருக்கும். டிக்கெட்டை மாற்ற முடிந்தால் திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜெப ஆலயத்தின் தரையில் பதித்த சீனத்து நீலப் பூவோடுகளைப் பார்க்காமல் திரும்புவது உண்மையிலேயே இழப்பு.

பெரும்பாலானவர்கள் பகலில் ஊருக்குள் சுற்றிவிட்டு, மாலையில் ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறார்கள். திரும்பும்போது படகுக்கு நீண்ட வரிசை. நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். பெட்டிகளை ரயில் நிலைய கிளோக் ரூமில் போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து ஹைகோர்ட் வாட்டர் மெட்ரோ நிலையத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்தக் குளிரூட்டிய படகுகளுக்கு மிதக்கும் மேடை என்பதால், நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தளமும் மேடையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். அம்மா காலைத் தூக்கி ஏற வேண்டியதில்லை. வழியில் வல்லார்பாடம் துறைமுகத்தின் ராட்சத கிரேன்களும் தெரியும். மரைன் டிரைவில் கூவிக் கூப்பிடும் உல்லாசப் படகுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம்.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கியதும் சீன வலைகள். கற்களை எதிர்எடையாகத் தொங்கவிட்டு, நாலைந்து பேர் கயிறு இழுத்து அந்தப் பெரிய வலையைத் தூக்குவதைக் காலை வெயில் ஏறுமுன் நின்று பாருங்கள். அருகிலுள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தில்தான் 1524இல் இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் அடக்கம் செய்தார்கள். எலும்புகள் பிறகு லிஸ்பனுக்குப் போய்விட்டன. கல்லறை இருந்த இடம் மட்டும் இருக்கிறது.

பத்து மணிக்கு ஆட்டோவில் மட்டாஞ்சேரி. ஏறும் முன்பே, “நேரே பேலஸ், வழியில் கடை வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். குறைந்த கட்டணத்துக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்பவர்கள் சிலர் கமிஷன் தரும் கடைகளில்தான் நிறுத்துவார்கள். டச்சு அரண்மனை என்று பெயர் வாங்கிய இதை 1555 வாக்கில் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள். பின்னால் பழுதுபார்த்தவர்கள்தான் டச்சுக்காரர்கள். உள்ளே ராமாயணச் சுவரோவியங்களுக்கு மட்டுமே அரை மணி நேரம் கொடுக்கலாம். கிழமையை மாற்றியிருந்தால் அடுத்து ஜெப ஆலயம். மதிய இடைவேளைக்கு மூடுவார்கள், ஒரு மணிக்கு முன்பே போய்விடுங்கள்.

மசாலா விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. ஜெப ஆலயம் இருக்கும் யூதர் தெருவான ஜூ டவுனில் அழகான சின்னப் பொட்டலங்களில் இருப்பது சுற்றுலா விலை. பக்கத்து பஜார் ரோட்டில் மூட்டைகள் அடுக்கிய மண்டிகளில் கேளுங்கள், சில்லறையாகவும் தருபவர்கள் உண்டு. நல்ல மிளகு கையில் கனமாக இருக்கும். கொஞ்சம் தண்ணீரில் போட்டால் சொத்தை மிளகும், கலப்படம் செய்த பப்பாளி விதையும் மிதக்கும். ஜாதிபத்திரி, ஜாதிக்காய், கிராம்பு வாங்கலாம். ஏலக்காயை இங்கே சுமக்க வேண்டியதில்லை. நம்ம போடியில் ஏலம் போவதும் அதே இடுக்கிச் சரக்குதான்.

சாப்பாட்டுக்கு மட்டாஞ்சேரி காயீஸ் பிரியாணி. மதியம் தாண்டினால் தீர்ந்துவிடும். சைவம் என்றால் குஜராத்தி ரோடு பக்கம் போங்கள்.

மூன்று மணிக்குள் படகேறி எர்ணாகுளம் வந்துவிட்டால், வெயில் தாழ்ந்ததும் பிராட்வேயில் துணியும் பாத்திரமும் பார்க்கலாம். குறுகலான தெரு, நெரிசல் அதிகம். அம்மாவை இரண்டு நிமிட நடையில் உள்ள மரைன் டிரைவ் இருக்கையில் உட்காரவைத்துவிட்டுப் போங்கள். மேற்குப் பார்த்த கரை, சூரியன் மறைவது அங்கிருந்தே தெரியும்.

டிக்கெட்டில் எர்ணாகுளம் ‘ஜங்ஷன்’ என்றிருந்தால் சவுத் ரயில் நிலையம், ‘டவுன்’ என்றிருந்தால் நார்த். ஆட்டோக்காரரிடம் இந்தப் பெயரையே சொல்லுங்கள்.