எச்.ஐ.வி தொற்றும்போது ரி கலங்கள் என்ன செய்கின்றன?

எதிர்த்துப் போராட வேண்டிய கலங்களையே எச்.ஐ.வி தாக்குகிறதென்றால், உடல் எதைக்கொண்டு போராடுகிறது என்று கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் பயிலும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களில் ஒரு பிரிவான ரி கலங்கள் ஒரே வகையல்ல. வைரசு குறிவைப்பது சிடி4 என்ற புரதத்தை மேற்பரப்பில் கொண்ட உதவிக் கலங்களை. தொற்றுற்ற கலங்களைக் கொல்பவை சிடி8 கலங்கள். நம் வயற்காவலில் யானைவெடி கொளுத்துபவர் சிடி8 என்றால், பரணிலிருந்து தகரம் தட்டி ஊரை எழுப்புபவர் சிடி4. எச்.ஐ.வி விழுத்துவது தகரம் தட்டுபவரை.

தொற்றிய சில வாரங்களுள் சிடி8 கலங்கள் பெருகி, தொற்றுற்ற கலத்தின் மேற்பரப்பில் தெரியும் வைரசுப் புரதத் துண்டை இனங்கண்டு, அதனோடு ஒட்டி நின்று, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் மென்சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் நொதிகளை உட்செலுத்தி அதனை இறக்கச் செய்கின்றன. குருதியில் உச்சத்தைத் தொட்ட வைரசின் அளவு அதன்பின் சரிவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் வைரசு தன்னைப் பிரதியெடுக்கும்போது அடிக்கடி பிழைவிடுவதால் அந்தத் துண்டே உருமாறி, பழகிய சிடி8 கலத்தின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஓய்வின்றித் தூண்டப்படும் சிடி8 கலங்களும் காலப்போக்கில் களைத்துவிடுகின்றன.

இதற்கிடையே, குடற்சுவரிலுள்ள சிடி4 கலங்கள் ஆரம்ப வாரங்களிலேயே பெருமளவில் அழிகின்றன; குருதிப் பரிசோதனை இதை முழுமையாகக் காட்டாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் பொதுவாக 500 முதல் 1500 வரை இருக்கும் சிடி4 கலங்கள் 200இற்குக் கீழிறங்கினால் அது எயிட்ஸ் நிலை.

முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் சிடி4 கலங்களான நினைவுக் கலங்கள் சிலவற்றின் மரபணுவுக்குள் வைரசு உறங்கிக் கிடப்பதால் சிடி8 கலங்களுக்கு அது தென்படுவதில்லை. எச்.ஐ.வியை அடக்கும் மருந்தை நிறுத்தினால் வைரசு பெரும்பாலும் மீண்டெழுவதும் அங்கிருந்துதான்.