சகுரா கிண்ணத்தில் காப்பி குடிக்கலாமா?

வணக்கம் சார்,

ஒசாகாவில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு தேநீர்க் கிண்ணம் வாங்கி வந்தான். கியோட்டோவில் செய்தது, கையால் சகுரா (செர்ரி) பூக்கள் வரைந்தது. ஒரு பக்கம்தான் பூ, மறுபக்கம் காலியாக இருக்கிறது. ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் கரடுமுரடான, எளிய கிண்ணங்களைத்தான் மதிப்பார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இது சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்வதா? இதில் காப்பி குடிக்கலாமா, அலமாரியில் வைக்க வேண்டியதுதானா?

ஒரு வாசகி, ஈரோடு

*

அன்புள்ள அம்மா,

அலமாரியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அது குடிப்பதற்காகச் செய்த கிண்ணம்.

நீங்கள் படித்தது தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் (1522–1591) வழி. அவர் ரசனைக்கேற்ப சோஜிரோ என்ற குயவர் சக்கரமில்லாமல் கையால் வனைந்த கறுப்பு, சிவப்பு ‘ராக்கு’ கிண்ணங்களில் ஓவியம் இருக்காது. ஆனால் தேநீரின் கதை ரிக்யூவோடு நின்றுவிடவில்லை. 1640களின் பிற்பகுதியில் நோனோமுரா நின்செய் என்ற குயவர் கியோட்டோவின் நின்னாஜி கோயிலுக்கு அருகே சூளை போட்டார். கனமோரி சோவா என்ற தேநீர் ஆசானின் ஆதரவு அவருக்கு இருந்தது. மண்பாண்டத்தின் மேல் பல வண்ணங்களும் பொன்னும் தீட்டும் கலையை அந்த நகரத்தில் உச்சிக்குக் கொண்டுபோனவர் நின்செய். விஸ்டீரியா பூங்கொடி வரைந்த அவருடைய தேயிலை ஜாடி ஒன்று அத்தாமியில் உள்ள எம்ஓஏ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பான் அதைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்திருக்கிறது. உங்கள் கிண்ணம் அந்த வழியில் வந்தது.

இதில் வேலையும் அதிகம். கண்ணாடிப் பூச்சோடு 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுட்டெடுத்த பிறகுதான் பூவை வரைவார்கள். அப்புறம் வண்ணம் ஒட்டிக்கொள்ள 800 டிகிரி அளவில் மறுபடியும் சூளை. பொன் இருந்தால் அதற்கு இன்னும் குறைந்த சூட்டில் தனியாக ஒன்று.

பூ இருக்கும் பக்கம்தான் கிண்ணத்தின் முகம். தேநீர் தருபவர் அந்த முகத்தை விருந்தினர் பக்கம் திருப்பி வைப்பார். விருந்தினரோ அதன் மேல் வாய் படக்கூடாது என்று கிண்ணத்தைச் சற்றுத் திருப்பிக் குடிப்பார். குடித்த பிறகு, தவறி விழுந்தாலும் உடையாதபடி தரையை ஒட்டித் தாழ்வாகப் பிடித்து நிதானமாகப் பார்ப்பார். எனக்கு இந்த மரியாதை மிகவும் பிடிக்கும்.

பருவத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் பிளம் பூ, மார்ச் 3 பொம்மைத் திருநாளை ஒட்டி பொம்மை ஓவியம், அடுத்து சகுரா என்று கிண்ணங்கள் மாறிக்கொண்டே வரும். பூ வரப்போகிறது என்று சொல்வதுதான் கிண்ணத்தின் வேலை. அதனால் மரம் பூப்பதற்குச் சற்று முன்பே சகுரா கிண்ணத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். வெளியே மரம் பூத்துக் குலுங்கும்போது அதை உள்ளே வைத்துவிடுபவர்களும் உண்டு. நின்னாமி தோஹாச்சி (1783–1855) என்ற குயவர் சகுராவையும் சிவந்த மேப்பிள் இலையையும் ஒரே கிண்ணத்தில் வரைந்து புகழ்பெற்றார். அந்த வகை வசந்தத்துக்கும் ஆகும், இலையுதிர் காலத்துக்கும் ஆகும். உங்களுடையதில் மேப்பிள் இல்லையென்றால் வசந்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காத்திருப்பும் அதன் அழகில் சேர்த்திதான்.

காப்பி வேண்டாம். கண்ணாடிப் பூச்சில் மெல்லிய விரிசல் கோடுகள் இருந்தால் கறை இறங்கிவிடும். பொன் பூசியிருந்தால் மைக்ரோவேவ் கூடவே கூடாது. குடிப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் சற்று ஊறவையுங்கள். குடித்ததும் கையால் மென்மையாகக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு பெட்டியில் வையுங்கள்.

கியோட்டோவில் சகுரா பொதுவாக மார்ச் கடைசியில் மலரத் தொடங்கும். மகன் அடுத்த முறை வரும்போது மாட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளும், அதை நுரைக்க அடிக்கும் மூங்கில் மத்தும் வாங்கி வரச் சொல்லுங்கள். 2 கிராம் தூள், 70 மில்லி வெந்நீர் போதும். மார்ச் பிறந்ததும் கிண்ணத்தை வெளியே எடுங்கள்.

அன்புடன்.