இறந்த நண்பனின் நினைவாக ஓடி நிதி திரட்டினால் விளம்பரம் என்று சொல்வார்களா?

புற்றுநோயில் இறந்த நண்பருக்காக மாரத்தான் ஓடி நிதி திரட்ட ஆசை, ஆனால் விளம்பரத்துக்குச் செய்வதாக நினைப்பார்களோ என்று தயக்கம் என எழுதியிருக்கிறீர்கள். நினைப்பார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

என் நண்பன் ரத்தப் புற்றுநோயில் போனான். கல்லூரியில் இருவரும் ஒரே அறை. அவன் போன மறுவருடம் அரை மாரத்தான், அதாவது 21 கிலோமீட்டர் ஓடி நிதி திரட்டினேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக முடியவில்லை.

முதலில் உங்கள் நண்பர் வீட்டில் கேளுங்கள். அவர்கள் சம்மதிக்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். நான் கேட்டபோது அவன் அம்மா உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஆல்பத்தை எடுத்து வந்தார். "ஆஸ்பத்திரிப் படம் எதையும் போட்டுடாதப்பா" என்றார். அவர் உருவித் தந்த படத்தில் கண்ணாடி மூக்கு நுனிக்கு நழுவியிருக்க, கண்ணை இறுக மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான். படம் கொஞ்சம் கலங்கல்தான். அதையேதான் போட்டேன்.

அடுத்து, பணம் எதற்கு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 'புற்றுநோய்க்காக' என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் மனதில் ஒட்டாது. அவனுக்குக் கீமோ சிகிச்சை நடந்தபோது பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணு, இறங்கிக்கொண்டே இருந்தது. ரத்தச் சிவப்பணுக்களைக் குளிரில் ஆறு வாரம் வரை வைத்திருக்கலாம். பிளேட்லெட் பொதுவாக 5 நாள்தான் தாங்கும், அதுவும் அறை வெப்பத்தில் அசைத்துக்கொண்டே இருந்தால். நிறைய வாங்கிச் சேர்த்து வைக்க வழியில்லை, ஒவ்வொரு முறையும் கொடுக்க ஆள் தேட வேண்டும். நடு ராத்திரியில் யார் யாருக்கோ போன் போட்டிருக்கிறோம். அதனால் கொடையாளர்களை ஒருங்கிணைக்கும் ஓர் அமைப்புக்கே பணம் என்று முடிவு செய்தேன். "காசு கொடுக்க முடியாதவங்க ரத்தம் கொடுக்கட்டும்னு எழுது" என்று அவன் அம்மாதான் சேர்க்கச் சொன்னார். பணம் நேராக அமைப்பின் கணக்குக்கே போனது. போட்டிக் கட்டணமும் ஷூவும் என் கைக்காசு. நீங்களும் அப்படியே செய்யுங்கள், விளம்பரம் என்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

"நீ ஓடினால் நோய் போய்விடுமா, பேசாமல் பணத்தைக் கொடுக்கலாமே" என்று இங்கேயும் யாராவது கேட்பார்கள். என் சேமிப்பை மட்டும் கொடுத்திருந்தால் அது ஒருவனின் பணம், அவ்வளவுதான். டெர்ரி ஃபாக்ஸை நினைத்துப் பாருங்கள். புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்காக ஓடிக் கடக்கக் கிளம்பினார். ஆரம்பத்தில் கண்டுகொண்டவர்கள் குறைவு. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. மறுவருடம் 22 வயதில் இறந்தார். அவர் பெயரில் இன்றும் பல நாடுகளில் ஓடி நிதி திரட்டுகிறார்கள். அவரோடு என்னை ஒப்பிடவில்லை. ஒருவர் ஓடுவதைப் பார்த்தால் மற்றவர்கள் கை தானாகப் பைக்குள் போகிறது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளணு குறைந்து கிடப்பவனுக்குச் சாதாரணச் சளியே ஆபத்து. அவனைப் பார்க்க மூக்கைச் சிந்திக்கொண்டு கும்பலாக வந்தார்கள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். அவனும் தலையாட்டிக் கேட்டான். அவர்கள் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் போனில் கேளுங்கள்.

சரி, பணம் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். குரூப்பில் போட்டால் கும்பிடும் கைகள்தான் வரும். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக எழுதுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், எனக்கு ஓட்டத்தைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் பதிலில் பணத்தோடு கதைகளும் வந்தன. தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்க உட்கார்ந்து தனக்குக் கணக்கு சொல்லித் தந்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அத்தனை வருடம் ஒரே அறையில் இருந்த எனக்கே அது தெரியாது. எல்லாவற்றையும் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

ஓட்டம் பழக்கமில்லை என்றால் முழு மாரத்தானில் இறங்காதீர்கள். 42.195 கிலோமீட்டரில் 30-ஐ ஒட்டி உடம்பில் சேர்த்துவைத்த மாவுச்சத்து தீர்ந்து கால் நகராமல் போகும், பழகியவர்களுக்கே அந்த நிலைமை. அரை மாரத்தானோ 10 கிலோமீட்டரோ போதும், கொடுப்பவர்கள் தூரத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முடிந்ததும் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவானது என்று அமைப்பிடம் எழுத்தில் வாங்கி, கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.