மகள் வக்கீலாகி அரசியலுக்குப் போகிறேன் என்கிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, நைஜீரியாவின் ஒபாஃபெமி அவலோவோவைப் போல வக்கீலாகி அரசியலில் இறங்கப்போவதாக மகள் சொல்கிறாள், பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறாள். ஆனால் பாதிக் கதையைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பாள் போல.

1909இல் பிறந்த அவலோவோவுக்குச் சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். வாத்தியார் வேலை, சுருக்கெழுத்து, பத்திரிகை நிருபர், விளைபொருள் வியாபாரம் என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். 1944இல் பி.காம்., அதற்கப்புறம்தான் லண்டனில் சட்டம். பாரிஸ்டரானபோது வயது 37. நைஜீரியாவின் இபாதான் நகரில் தொழில் நடத்திக்கொண்டே 1951இல் கட்சி தொடங்கினார். 1954இல் மேற்கு மண்டல முதல்வர், அடுத்த ஆண்டே அங்கே இலவசத் தொடக்கக் கல்வி. சோற்றுக்கு வழி பண்ணிக்கொண்டு அரசியலுக்கு வந்தவர் என்பதை உங்கள் மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

நீங்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நைஜீரியாவுக்குச் சுதந்திரம் வந்த இரண்டே ஆண்டில் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் கைதானார். அவர் அமர்த்திய வக்கீல், இலங்கை உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி கிரேஷியன். அவரை நாட்டுக்குள்ளேயே விடவில்லை. அதை எதிர்த்துப் போட்ட வழக்கும் தோற்றது. 1963இல் பத்தாண்டு தண்டனை. 1966இல் ராணுவ ஆட்சி விடுவித்து, மறு ஆண்டே நிதித் துறையைக் கொடுத்தது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு எந்த ஆலோசகராலும் உத்தரவாதம் தர முடியாது.

என்னைக் கேட்டால், மகள் கவனிக்க வேண்டியது 1979. அதிபர் தேர்தலில் ஜெயிக்க அதிக ஓட்டு மட்டும் போதாது. 19 மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கிலாவது கால்வாசி ஓட்டு வேண்டும். கணக்குப் போட்டால் பன்னிரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவு! அவலோவோவை எதிர்த்து நின்று அதிக ஓட்டு வாங்கிய ஷகாரிக்குக் கால்வாசி கிடைத்தது 12 மாநிலங்களில். மாநிலத்தைத் துண்டு போட முடியாது, 13 வேண்டும் என்று அவலோவோ வழக்காடினார். உச்ச நீதிமன்றம் ஷகாரி பக்கம் தீர்த்தது. நீதிபதி கயோடே ஏசோ மட்டும் மாறுபட்டார்.

பேச்சுப் போட்டிக் கோப்பைகளை வைத்துச் சட்டப் படிப்பை முடிவு செய்யாதீர்கள். அந்த இரு தரப்புத் தீர்ப்பையும் அவளைப் படிக்கச் சொல்லுங்கள். சலிக்காமல் படித்துவிட்டு உங்களோடு சண்டைக்கு வந்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். படிப்பு முடிந்ததும் நல்ல சீனியரிடம் நாலைந்து வருஷம் ஜூனியராக இருக்கட்டும். அந்த நாட்களில் வரும்படி சொற்பம், வீட்டிலிருந்து கை கொடுக்க வேண்டியிருக்கும். கட்சி, கொடியெல்லாம் அப்புறம் பேசலாம்.